வண்டி போனது, பெயர் போகவில்லை!

திருப்பூரில் தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் என்ன நடக்கிறது? துணிக் கடையில் கூட்டம். நகைக் கடையில் கூட்டம். மோட்டார் சைக்கிள் கடையிலும் கூட்டம்தான்.

புது வண்டி வாங்குகிறவர் பழைய வண்டியை விற்கிறார். டீக்கடையிலேயே பேரம் முடிகிறது. பணம் இந்தப் பக்கம் வருகிறது. சாவி அந்தப் பக்கம் போகிறது. ஆர்.சி. புத்தகமும் கூடவே போய்விடுகிறது. "அப்பாடா, விற்றாகி விட்டது!" என்று அவர் வீட்டுக்குக் கிளம்புகிறார்.

உண்மையில் விற்றாகி விட்டதா? இல்லை. பாதிதான் விற்றிருக்கிறார். வண்டி போய்விட்டது. பெயர் போகவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவேட்டில் இன்னும் அவரே சொந்தக்காரர்.

"பெயர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே! என்ன வந்துவிடும்?" என்று கேட்கலாம். என்ன வரும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறோம். கதை அல்ல; நடந்தது.

வட இந்தியாவில் ஒருவர் 2007ஆம் ஆண்டு தம் வண்டியை விற்றார். வாங்கியவர் அதை 2008இல் இன்னொருவருக்கு விற்றார். அவரும் வேறொருவருக்குத் தள்ளிவிட்டார். இப்படிக் கை மாறிக் கை மாறிப் போன வண்டி, 2009 மே மாதம் பின்பக்கமாக வந்து ஒரு பெண்ணையும் அவருடைய உறவுக்காரப் பையனையும் இடித்தது. பெண்ணுக்குக் காயம். பையன் இறந்து போனான்.

நஷ்ட ஈடு யார் தருவது? கோர்ட்டில் ஆளுக்கு ஆள் கையை விரித்தார்கள். "நான் விற்றுவிட்டேன்" என்றார் முதல் ஆள். அடுத்தவரும் அதையே சொன்னார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2018 பிப்ரவரி 6ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே சொந்தக்காரர். அவரே பொறுப்பு என்று மூன்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

அதாவது, வண்டியைக் கண்ணால் பார்த்தே இரண்டு வருஷம் ஆன மனிதர்தான் பொறுப்பாளி!

அநியாயமாகத் தோன்றுகிறதா? நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் பக்கம் நின்று பாருங்கள். வண்டி யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று அவர்கள் ஊர் ஊராகத் தேட முடியுமா? டீக்கடைப் பேரத்துக்குச் சாட்சி தேட முடியுமா? அவர்களுக்குத் தெரிவது எண் பலகை ஒன்றுதான். அந்த எண்ணுக்கு எதிரே ஒரு பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயர் பதில் சொல்ல வேண்டும். சட்டம் அவர்களை நினைத்துச் செய்யப்பட்டது. விற்றவருக்கோ பெயரை மாற்றிக்கொள்ள வழி திறந்தே இருக்கிறது. அந்த வழியில் போகாதது யார் குற்றம்?

விபத்து மட்டும் அல்ல. சிக்னலில் நிற்காமல் போனால் காமிரா படம் பிடிக்கிறது. அபராதச் செய்தி உங்கள் போனுக்கு வருகிறது. திருடன் அந்த வண்டியில் போய்ச் சங்கிலி பறித்தால், போலீசார் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான்.

சரி, என்ன செய்ய வேண்டும்? பெரிய வேலை ஒன்றும் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 50ஆவது பிரிவு, விற்றவருக்கு 14 நாள் கொடுக்கிறது. வாங்கியவருக்கு 30 நாள் கொடுக்கிறது. அதற்குள் இருவரும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவித்துவிட வேண்டும். படிவம் 29 என்பது விற்றவர் கொடுக்கும் அறிவிப்பு. இரண்டு பிரதி வேண்டும். படிவம் 30 என்பது பெயர் மாற்றக் கேட்கும் விண்ணப்பம். கூடவே ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, வாங்குகிறவரின் முகவரிச் சான்று. திருப்பூர் நகருக்கு இரண்டு ஆபீஸ்கள்: வடக்கு, தெற்கு. டி.என். 39 வடக்கு, டி.என். 42 தெற்கு. வாங்கியவர் எங்கே குடியிருக்கிறாரோ, அந்தப் பகுதி ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் முதலில் பதிந்துகொள்ளலாம். வண்டி கடனில் வாங்கியதாக இருந்தால், பைனான்ஸ்காரரிடம் தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 35 கொடுத்துக் கடனை அடித்துவிட வேண்டும். அதை முடிக்காமல் வண்டியை வாங்கவே வாங்காதீர்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். வண்டி கை மாறியதும், எதிரே வருகிறவருக்கு அடிபட்டால் பணம் கொடுக்கும் பாகம் தானாகவே புதியவருக்கு வந்துவிடும். ஆனால் தம் சொந்த வண்டி நசுங்கினால் கிடைக்கும் பணம் தானாக வராது. பாலிசியில் பெயர் மாறியிருக்க வேண்டும். அதற்கும் 14 நாள்தான் கெடு.

இவ்வளவு சுலபமாக இருந்தும் ஏன் செய்வதில்லை? இங்கேதான் தரகர் வருகிறார். "ரெண்டு படிவத்திலும் கையெழுத்துப் போடுங்கண்ணா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்கிறார். வாங்குகிறவர் பெயர் இல்லை. தேதி இல்லை. வெறும் காகிதம்! அந்தக் காகிதத்தோடு வண்டி நாலு பேர் கை மாறுகிறது. பெயர் மாற்றினால் செலவு என்று ஒவ்வொருவரும் தள்ளிப் போடுகிறார்கள். (இதை எழுதுகிறவரும் ஒரு மொபெட்டுக்கு இப்படிக் கையெழுத்துப் போட்டவர்தான். எட்டு மாதம் கழித்து அபராதச் சீட்டு வந்த பிறகே புத்தி வந்தது.)

2023 ஏப்ரல் 1 முதல் ஒரு புது விதி நடப்பில் இருக்கிறது. பழைய வண்டி வியாபாரி அரசாங்க அங்கீகாரம் வாங்க வேண்டும். அவரிடம் வண்டியை விட்டதும் படிவம் 29-சி மூலம் தெரிவித்துவிட்டால், விற்கும் வரை அவரே சொந்தக்காரர் ஆவார். நல்ல விதி. ஆகவே வியாபாரியிடம் விடுவதாக இருந்தால், "அங்கீகாரச் சான்று இருக்கிறதா?" என்று முதலில் கேளுங்கள். டீக்கடைத் தரகரிடம் அது இருக்காது.

திருப்பூருக்கென்று ஒரு தனிச் சங்கடமும் உண்டு. இங்கே பனியன் கம்பெனிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். ஊரிலிருந்து அவசரச் செய்தி வருகிறது. அன்று மாலையே வண்டியை வந்த விலைக்கு விற்றுவிட்டு, இரவு ரயில் ஏறுகிறார்கள். பிறகு கையெழுத்துக்கு அவர்களை எங்கே போய்த் தேடுவது? வாங்கியவருக்கும் ஆபத்து, விற்றவருக்கும் ஆபத்து. அவர் வண்டியையே ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தால், படிவம் 28-இல் தடையில்லாச் சான்று கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

இன்னொன்று, வீட்டிலுள்ள தாய்மார்களுக்கு. வண்டிச் சொந்தக்காரர் இறந்துவிட்டால், 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். துக்கத்தில் இது யாருக்கும் நினைவு வராது. மகன் அப்பா பெயரிலேயே ஓட்டிக்கொண்டிருப்பான். விற்கப் போகும்போதுதான் சிக்கல் தெரியும்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது ஒன்று. ஆர்.டி.ஓ. ஆபீஸ்கள் வேலை நாளில்தான் திறக்கின்றன. அன்றைக்குப் போனால் பனியன் தொழிலாளிக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால்தான் அவர் தரகரிடம் போகிறார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயர் மாற்றத்துக்கென்று மட்டும் ஆபீசைத் திறந்து வைக்கலாம். கம்பெனிக்காரர்களும் ஒத்தாசை செய்யலாம். பி.எப்., இ.எஸ்.ஐ. பார்க்கும் குமாஸ்தாவிடம் நாலு படிவம் கொடுத்து வைத்தால், ஊருக்குப் போகிறவர் போகும் முன் கையெழுத்தை முறையாகப் போட்டுவிட்டுப் போவார்.

அதுவரை, வண்டியை விற்கிறவர் சாவியைக் கொடுக்கும் முன்பு, வாங்குகிறவரை ஒரு நாள் லீவு போடச் சொல்லட்டும்.