காண்டா வாளியும் குடலிறக்கமும்

தோட்டத் தொழிலாளி மூடி மறைக்கும் நோய் ஒன்று உண்டு. டாக்டர்கள் குடலிறக்கம் என்பார்கள். மலாய்க்காரர்கள் ‘ஆங்கின் பாசாங்’ என்பார்கள். பெயர் எதுவானாலும் அதைச் சொல்ல நம்மவர்களுக்கு வெட்கம். செக்ரோல் எழுதும் நம் கண்ணுக்கே அது முதலில் தெரிகிறது. ஒருவர் பேருக்கு நேரே முதலில் அரை நாள், பிறகு இரண்டு நாள், பிறகு வெறுங்கட்டம்!

வயிற்றுச் சுவரின் தசை பலம் குன்றிய இடத்தில் குடல் பிதுங்கி வருவதே இந்நோய். பெரும்பாலும் தொடை இடுக்கில் புடைக்கும். படுத்தால் உள்ளே போகும், எழுந்தால் வெளியே வரும். ஆண்களுக்கு அதிகம், பெண்களுக்கும் உண்டு. நான்கு காலன் வாளி நிறைந்தால் பால் மட்டும் 18 கிலோ. காண்டா கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டு மேடு பள்ளம் ஏறிய தலைமுறை நம்முடையது. இன்று காண்டா கம்பு குறைந்துவிட்டது, சுமை குறைந்ததா? கட்டிப்பால் மூட்டையும் செம்பனைக் குலையும் அதன் இடத்துக்கு வந்துவிட்டன.

“அது பிறவிக் குறை, வேலையால் வந்ததல்ல” என்று நிர்வாகம் சொல்லும். சுமை ஒன்றே காரணம் என்று நாமும் சொல்லவில்லை. பிறவிப் பலவீனம், முதுமை, தீராத இருமல், மலச்சிக்கல் எல்லாம் சேரும். ஆனால் பலவீனமான சுவரின்மேல் நாள்தோறும் பாரம் ஏற்றுவது யார்? அதற்குப் பதில் வேண்டும்.

தோழர்களே, எண்ணெய் தேய்ப்பதாலும் இடுப்பில் பட்டை கட்டுவதாலும் இது குணமாகாது. அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி. தசையில் வலை வைத்துத் தைக்கும் முறை இன்று சாதாரணமாகிவிட்டது. புடைப்பு கெட்டியாகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். குடல் நெரிபட்டு ரத்த ஓட்டம் நின்றால், தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் உயிருக்கு ஆபத்து.

மறைப்பதற்கு வெட்கம் பாதிதான் காரணம். மறு பாதி சம்பளப் பயம். 1955-ம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இது சலுகையல்ல, உரிமை. ஆனால் வீடு திரும்பியபின்? புண் ஆறும் வரை சில வாரங்கள் பாரம் தூக்கலாகாது. வெட்டிய பாலுக்குக் கூலி வாங்குகிறவர் அந்த வாரங்களில் எதைத் தின்பார்?

ஆகவே நம் கோரிக்கை மூன்று: ஒரு ஆள் தூக்கும் சுமைக்கு வரம்பு; தூக்குவதற்குக் கைவண்டி; ஆபரேஷன் ஆனவருக்குக் கூலி குறையாத இலேசான வேலை. அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் இவை இருக்க வேண்டும்.

வயிற்றுக்காகச் சுமக்கிறோம், அந்த வயிறே கிழியும்வரை சுமக்க நாம் கடன்பட்டவர்கள் அல்ல!