கடிதத்தைத் திறந்தவர் மீதா பழி?

மாணவர்களே, லகாட், ஈப்போ வட்டாரத்தில் வளரும் உங்களுக்கு ரப்பர் மரம் புதிதல்ல. தாத்தா பாட்டியிடம் கேட்டால் பால்மரம் வெட்டிய கதை வரும். அந்த மரத்தின் தாயகம் தென் அமெரிக்கா. 1928-இல் கார் முதலாளி ஹென்றி ஃபோர்ட் பிரேசிலின் அமேசான் காட்டில் ‘ஃபோர்ட்லாந்தியா’ என்ற ரப்பர் தோட்டத்தைத் தொடங்கினார். நெருக்கமாக நட்ட மரங்களில் இலைக்கருகல் பூஞ்சை மரத்துக்கு மரம் தாவியது. 1945-இல் தோட்டம் கைமாறியது. அந்த நோய் நம் நாட்டுக்குள் இன்னும் வரவில்லை. அங்கிருந்து ரப்பர் விதையும் கன்றும் கொண்டுவரக் கடும் கட்டுப்பாடு இருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நோயைத் தடுக்கும் வேலையை மரம் வெட்டும் தொழிலாளியின் தலையில் கட்டவில்லை, வாசலிலேயே தடுத்தார்கள்.

மின்னஞ்சலில் மட்டும் ஏன் தலைகீழாகச் செய்கிறோம்?

2000 மே 4 அன்று ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் உலகைச் சுற்றியது. அதனுடன் இணைத்திருந்த கோப்பு சாதாரணக் கடிதம் போலத் தெரிந்தது. பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் மறைத்ததால், அது ஒரு நிரல் என்பது பலருக்குத் தெரியவில்லை. திறந்தவுடன் அது முகவரிப் பட்டியலில் இருந்த எல்லாருக்கும் தன் நகலை அனுப்பியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் மின்னஞ்சலை நிறுத்தி வைத்தது. ஃபோர்ட் நிறுவனமும் அப்படியே. (அவர்களுக்கு இது இரண்டாவது இலைக்கருகல்!)

இன்றும் பல அலுவலகங்களின் ஒரே பாதுகாப்பு, ‘தெரியாத இணைப்பைத் திறக்காதீர்’ என்ற அறிவிப்புதான். ஒரு கணக்குப் போடுங்கள். 50 ஊழியர்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மின்னஞ்சல் என்றால் மொத்தம் 2000. அதில் ஒன்றில் ஒருவர் ஏமாந்தால் போதும். அந்த அலுவலகக் கணினியில் உங்கள் அடையாள அட்டை எண்ணும் வீட்டு முகவரியும் இருக்கலாம்.

ஆகவே வேலி சேவையகத்தில் இருக்க வேண்டும் என்பேன். உள்ளே வரும் எல்லா அஞ்சலும் அந்த ஒரு வாசலைத்தான் கடக்கின்றன. இயங்கும் நிரல் கோப்புகளை அங்கேயே நிறுத்தலாம். ஒரு நிறுவனத்தின் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தக் கணினிகளுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியலை அந்த நிறுவனமே இணையத்தில் வெளியிட முடியும். அதைப் பார்த்துப் போலி அனுப்புநரைப் பிடிக்கலாம். ஒரே கணக்கிலிருந்து திடீரென நூற்றுக்கணக்கான அஞ்சல்கள் வெளியே பாய்ந்தால் தானாகவே மடையை அடைக்கலாம். 2000-இல் பரவலின் வேகத்தைக் குறைக்க இந்தக் கடைசி ஏற்பாடே பெரிதும் உதவியிருக்கும். வடிகட்டி சில நேரம் நல்ல அஞ்சலையும் பிடித்து வைக்கும், உண்மைதான். அதை அழிக்காமல் தனியே ஒதுக்கி வைத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காவலுக்கும் ஓட்டை விழும். 2021 மார்ச் 2 அன்று மைக்ரோசாப்ட் தன் ‘எக்ஸ்சேஞ்ச்’ மின்னஞ்சல் சேவையகத்துக்கு அவசரத் திருத்தங்களை வெளியிட்டது. ஊடுருவல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. உலகெங்கும் பல்லாயிரம் சேவையகங்கள் பாதிக்கப்பட்டன. அங்கே எந்த ஊழியரும் எதையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஓட்டை சேவையகத்திலேயே இருந்தது.

ஏமாந்து திறந்த ஊழியரைத் திட்டும் அலுவலகத்தில், அடுத்து ஏமாறுபவர் வாயைத் திறக்கமாட்டார். அவர் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நச்சுநிரலுக்கு லாபம். அவர் உடனே சொன்னால் அந்தக் கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிடலாம், சைபர்999 உதவி மையத்துக்கும் தகவல் கொடுக்கலாம்.