இராட்சசனுக்கு மேசையில் இடம் உண்டா?

பாத்திரமேற்பு விளையாட்டில் ஆடுபவர் நிரப்பும் தாளில், பெயருக்கு அருகிலேயே நெடுங்காலம் இருந்து வந்த கட்டம் ‘இனம்’. மனிதன், குள்ளன், எல்ஃப் என்று அதில் எழுதினால் எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பறவை மனிதன், பல்லி மனிதன், இராட்சசன் என்று எழுதினால் மட்டும் ஆட்டத்தை நடத்துபவரின் அனுமதி தேவைப்படுகிறது. அந்த அனுமதியைக் கொடுக்கலாமா என்பது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்த 1974 முதலே ஓயாத வழக்கு. தெலுங்கும் தக்கனியும் இந்தியும் தமிழும் பேசுவோர் ஒரே மேசையைச் சுற்றி அமரக்கூடிய ஹைதராபாத்தில் இவ்வழக்கிற்குக் கூடுதலான கனம் உண்டு. கொடுக்கலாம் என்பதே இப்பதிவின் நிலைப்பாடு. எந்த நிபந்தனையின் பேரில் என்பதுதான் பேசப்பட வேண்டியது.

விளையாட்டை அறியாதோர்க்குச் சுருக்கமாக: ஒருவர் உலகையும் அதில் நிகழ்வனவற்றையும் விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அப்பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்வர். விளைவு ஐயத்திற்குரியதாயின் பகடை தீர்மானிக்கும். பாத்திரத்தின் வலிமை, அறிவு, கவர்ச்சி முதலியவை எண்களாகத் தாளில் இருக்கும். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய முதற்பதிப்பு இவ்விஷயத்தில் வியப்பூட்டும் அளவிற்குத் தாராளமானது. தொடக்கத்தில் பலவீனமாக இருந்து படிப்படியாக வளர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையுடன், ஏறக்குறைய எதுவாகவும் ஆடலாம் என்றது. டிராகனாக ஆட விரும்புபவர் இளம் டிராகனாகத் தொடங்கலாம். ஆனால் அதே நூல், குள்ளன் போர்வீரனாக ஆறாம் நிலைக்கு மேல் உயர முடியாது என்றும், ஹாபிட் நான்காம் நிலையோடு நின்றுவிட வேண்டும் என்றும் விதித்தது. மனிதனுக்கு மட்டும் உச்சவரம்பு இல்லை. உள்ளே வரலாம், குறிப்பிட்ட படிக்கு மேல் ஏறக்கூடாது என்னும் இவ்வேற்பாடு, பல்கலைக்கழக வளாகங்களில் புழங்குவோர்க்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று. 1979இல் வெளிவந்த நடத்துநர் கையேட்டில் கைகாக்ஸ் தம் தாராளத்தையும் குறைத்துக்கொண்டார். அரக்கனாக ஆட விரும்புவோர் பெரும்பாலும் ஆற்றலை நாடியே அவ்வாறு கேட்கின்றனர், இவ்விளையாட்டின் மையம் மனிதனே என்பது அவரது வாதம். பிறப்பு சார்ந்த நிலை வரம்பு 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் முற்றிலும் நீங்கியது.

வரம்பு நீங்கினாலும் எண்கள் நீங்கவில்லை. 2016இல் வெளியான ‘வோலோஸ் கைடு டு மான்ஸ்டர்ஸ்’ ஓர்க் இனத்தை ஆடுவோர்க்குத் திறந்துவிட்டது. கூடவே அதன் அறிவில் இரண்டு புள்ளிகளைக் குறைத்தது. ஓர்க்காகப் பிறந்தவன் எங்கு வளர்ந்தாலும், எவரிடம் பயின்றாலும் அந்த இரண்டு புள்ளிகள் குறைவாகவே தொடங்குவான். 2020இல் இக்கழிவு நீக்கப்பட்டது. அதே ஆண்டு வந்த ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’, பிறப்பால் வரும் கூடுதல் புள்ளிகளை ஆடுபவர் விரும்பிய பண்பிற்கு மாற்றிக்கொள்ள அனுமதித்தது. 2022 டிசம்பரில் ‘ரேஸ்’ என்னும் சொல்லையே கைவிடுவதாகப் பதிப்பகம் அறிவித்தது. 2024ஆம் ஆண்டு நூலில் அதனிடத்தில் ‘ஸ்பீஷீஸ்’ அமர்ந்தது. போட்டி விளையாட்டான ‘பாத்ஃபைண்டர்’ தன் இரண்டாம் பதிப்பில், 2019இலேயே, ‘மூதாதை’ என்ற பொருளுடைய சொல்லைத் தேர்ந்துகொண்டிருந்தது.

ஆங்கிலத்தில் இது முன்னேற்றமாகத் தோன்றுகிறது. ஹைதராபாத் மேசையில் அச்சொல்லை மொழிபெயர்த்துப் பார்த்தால் அவ்வளவு எளிதாகத் தோன்றாது. தெலுங்கு உயிரியல் பாடநூலில் ‘ஸ்பீஷீஸ்’ என்பது ‘ஜாதி’. அதே தெலுங்கில் ‘ஜாதீய’ என்றால் தேசியம். சாதியைக் குறிக்க அங்கே புழங்கும் சொல் ‘குலம்’. தமிழில் குலம் என்பது மரபுவழியையும் சாதி என்பது சாதியையும் சுட்டும். இந்தியில் ‘ஜாதி’ அரசாணையிலும் அன்றாடப் பேச்சிலும் சாதியே. விலங்கியல் நூலில் அதுவே உயிரினப் பிரிவு. ஆக, “உன் பாத்திரம் என்ன ஜாதி?” என்ற ஒரே வினாவை நான்கு பேர் நான்கு விதமாகக் கேட்கக்கூடும். அவர்களுள் ஒருவருக்கேனும் அவ்வினா வேறெங்கோ, வேறெவரோ வேறொரு தொனியில் கேட்டதாக இருக்கும். ‘இனம்’ என்பதை ‘சிற்றினம்’ என்று மாற்றினால் தீர்ந்துவிடாது. இனங்களுக்கிடையே வரலாறும் கலப்பும் உண்டு என்ற நினைவாவது முதற்சொல்லில் இருந்தது. புதிய சொல் வேறுபாட்டை உடற்கூற்றுக்குள் கொண்டுபோய் வைக்கிறது.

எண்களின் புதிய இருப்பிடமும் ஆராயத்தக்கது. 2024 நூலில் பண்புப் புள்ளிகள் பிறப்பிலிருந்து அகற்றப்பட்டு, பாத்திரத்தின் முன்வாழ்வுக்கு, அதாவது பெரும்பாலும் தொழிலுக்கு, மாற்றப்பட்டன. உழவராக இருந்தவர் வலிமை, உடலுறுதி, விவேகம் ஆகியவற்றுள் உயர்வு பெறலாம். அறிவு அப்பட்டியலில் இல்லை. பிரபுவாக இருந்தவருக்கு வலிமை, அறிவு, கவர்ச்சி. பிறப்பு வேறு, தொழில் வேறு என்று எண்ணிப் பழகிய சமூகத்திலிருந்து பார்த்தால் இது சீர்திருத்தம். பிறப்பே தொழிலை விதித்த நாட்டில் அமர்ந்து படித்தால், கணக்கு ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்கு நகர்ந்திருப்பதே கண்ணில் படும். இந்திய மேசைகள் இவ்விதியை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எந்த முன்வாழ்வுக்கும் எந்தப் பண்பும் உயரலாம் என்று ஆட்டத்தை நடத்துபவர் முதல்நாளே அறிவித்துவிடலாம்.

இனி இராட்சசனுக்கு வருவோம். 1977இல் வந்த ‘மான்ஸ்டர் மானுவல்’ நூலிலேயே அவன் இருக்கிறான். புலித்தலை, மாற்றுருக் கொள்ளும் மாயம், மனித மாமிசத்தில் விருப்பம், மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் மரணம். குணம் தீமை என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அவனைக் கொல்வதற்கான வழி இருக்கிறது. வளர்த்தவள் யார் என்பது இல்லை.

அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1957இல், கே. வி. ரெட்டியின் ‘மாயாபஜார்’ தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்துவிட்டது. இரண்டிலும் கடோத்கஜன் எஸ். வி. ரங்காராவ். அவனுக்குத் தாய் இருக்கிறாள், அவள் சொல்லைத் தட்டாத பணிவு இருக்கிறது, உறவினருக்கு நேர்ந்த அநீதியைக் கேட்டுக் கொதிக்கும் நெஞ்சு இருக்கிறது. மணப்பெண்ணின் உருவெடுத்து மாப்பிள்ளை வீட்டாரை அவன் திண்டாட வைக்கும்போது அரங்கு முழுவதும் அவன் பக்கம் நின்றது. மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது பிங்களி நாகேந்திரராவ் தெலுங்கில் எழுதிய உரையாடலை. இராட்சசர்கள் வடசொற்களைத் தம் நாவிற்கேற்பத் திரிக்கின்றனர், ஒப்புமையால் புதுச்சொற்களைப் படைக்கின்றனர். அரசனும் அதைப் பிழை என்று தள்ளாமல் மகிழ்ந்து ஏற்கிறான். ஓர் இனத்தை உயிருள்ளதாக்கியது கோரைப்பல்லும் கதாயுதமும் மட்டுமல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அவர்களுக்கென்று ஒரு வீடும் ஒரு பேச்சுவழக்கும் இருந்தன.

ஹைதராபாத்திற்கு இன்னும் அருகில், கோல்கொண்டாவிலேயே சான்று உண்டு. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குதுப்ஷாஹி அவைக் கவிஞர் கவ்வாசி தக்கனியில் பாடிய சைஃபுல் முலூக் கதையில் மனித இளவரசன் காதலிப்பது பதீஉல் ஜமால் என்னும் பரி இனத்து இளவரசியை. வீடணனும் பிரகலாதனும் மாவலியும் இந்நாட்டுக் கேட்போர்க்கு அந்நியர் அல்லர். இவ்வாறிருக்க, எல்ஃபும் ஹாஃப்லிங்கும் இயல்பானவை, வானரமும் நாகமும் இயல்பற்றவை என்ற பிரிவு இங்கே எவ்வாறு வந்தது? விதிநூல் எழுதப்பட்ட இடத்தின் வாசிப்புப் பழக்கமே பெரும்பாலும் அதைத் தீர்மானித்தது. 2012இல் ‘பாத்ஃபைண்டர்’ வெளியிட்ட இனங்கள் பற்றிய நூலில் வானரமும் விஷகன்னியும் ஆடத்தக்க இனங்களாக இடம்பெற்றன. ‘அரிதானவை’ என்ற தலைப்பின் கீழ். ‘டாக்டர்’ என்றாலே ஆண், பெண்ணாயின் ‘லேடி டாக்டர்’ என்று சொல்லும் வழக்கத்தில் செயல்படும் அதே குறியீட்டு முறைதான் இதுவும். அடைமொழி பெறாதது எதுவோ அதுவே அளவுகோலாகிவிடுகிறது.

எதிர்வாதங்கள் வலுவற்றவை அல்ல. பறவை மனிதனான ஆராகோக்ரா, 2015இல் ஆடுவோர்க்குக் கிடைத்தபோது, முதல் நிலையிலேயே ஒரு சுற்றுக்கு 50 அடி பறந்தான். பள்ளத்தாக்கைக் கடப்பதே அன்றைய சவால் என்று ஒரு வாரம் உழைத்துத் திட்டமிட்ட நடத்துநரின் உழைப்பு ஒரே சிறகடிப்பில் வீணாகும். இக்குறை எண்களில் இருப்பதால் எண்களைத் திருத்தியே சரிசெய்துவிடலாம். இனத்தை விலக்கத் தேவையில்லை.

உலகின் ஒருமை பற்றிய வாதம் இதைவிட ஆழமானது. 1687இல் ஔரங்கசீப்பின் முற்றுகைக்கு உள்ளான கோல்கொண்டாவில், மனிதர் மட்டுமே வாழும் கதையை நடத்த விரும்புபவர், “இவ்வுலகில் பல்லி மனிதர் இல்லை” என்று மறுக்கலாம். அது முழுக்க நியாயமான மறுப்பு. ஆனால் அவ்வுலகில் இராட்சசர் உண்டு, அவர்கள் வெட்டப்படுவதற்கு மட்டுமே உண்டு என்பது வேறு வகையான மறுப்பு. அது உலகின் எல்லையைக் கூறவில்லை, உள்ளிருப்போரைத் தரம் பிரிக்கிறது. அனுமதி மறுப்பவர், தம் மறுப்பு இவற்றுள் எது என்பதைத் தமக்குள்ளேயாவது தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வாதம், அரிய இனம் வெறும் அலங்காரமாகிவிடும் என்பது. கொம்பும் வாலும் படத்தில் மட்டும் இருக்க, பேச்சிலும் செயலிலும் வேறெதுவும் தெரியாத பாத்திரங்களை ஆடியோர் அனைவரும் கண்டிருப்பர். நிபந்தனை தேவைப்படுவது இவ்விடத்தில்தான். இராட்சசனாக ஆட விரும்புபவரிடம் சில வினாக்களைக் கேட்கலாம். அவன் தாயை எப்படி அழைப்பான்? கோபம் வந்தால் எம்மொழியில் ஏசுவான்? சந்தையில் பேரம் பேசுவது எம்மொழியில்? கோட்டை வாயிலில் அவனை அறிந்தவர் யார்? எவருடைய சாவிற்கு அவன் நாள் கணக்கில் துக்கம் காப்பான்? விடை சொல்ல முடிந்தால் அவ்வினம் அவ்வுலகில் வேரூன்றிவிட்டது. இதே வினாக்களை மனிதனாக ஆடுபவரிடமும் கேட்க வேண்டும். அவருக்கு விலக்கு அளித்தால் பழைய அளவுகோல் மீண்டும் நாற்காலியில் வந்து அமர்ந்துவிடும்.

ஒரு பொறுப்பு நடத்துநருக்கும் உண்டு. அரிய இனத்தவன் ஊருக்குள் நுழைந்தால் மக்கள் கல்லெறிவார்கள், கிணற்றை மூடுவார்கள், அதுவே யதார்த்தம் என்று கதையை நகர்த்துவது எளிது. மேசையில் இருக்கும் ஒருவருக்கு அந்தக் கல்லும் அந்தக் கிணறும் கற்பனையாக இல்லாமலிருக்கலாம். எவ்வகை இழிவு கதைக்குள் வரலாம், எது வரக்கூடாது என்பதை ஆட்டம் தொடங்குமுன், ‘செஷன் ஸீரோ’ எனப்படும் முன்னமர்விலேயே பேசி முடித்துவிடுவது நல்லது. எவரும் தம் காரணத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அங்கே இருக்கக்கூடாது.

ஆராய்ச்சி மாணவர்கள் ஓய்வுநேரத்தில் ஆடும் விளையாட்டிற்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்கப்படலாம். பிறப்பு ஒருவரின் அறிவைத் தீர்மானிக்கும் என்ற கருத்தை எவரும் விவாதமாக வைத்தால் இவ்வாசகர்கள் உடனே எதிர்ப்பார்கள். அதே கருத்து கூட்டல் கழித்தல் கணக்காக ஒரு தாளில் அச்சாகி வந்தபோது, ஆடியோர் பலர் பென்சிலை எடுத்து இரண்டைக் கழித்துக்கொண்டு பகடையை உருட்டினர். அடுத்த முறை ஒருவர் இராட்சசனாக ஆட அனுமதி கேட்கும்போது, அவனுக்கு எத்தனை புள்ளி என்பதற்கு முன்னால் அவன் ஊர் எது என்று கேட்டுத் தொடங்கலாம்.