அலமாரியில் மிஞ்சிய மருந்து



சென்ற தவக்காலத்தில் ஒரு தாய் தம் நான்கு வயது மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். மூன்று நாளாகக் காய்ச்சல். இருமலில்லை, சளியுமில்லை. "சாமி, பிள்ளை தலையில் கை வைத்துச் செபியுங்கள்" என்றார். செபித்தேன். பின்னர், என்ன மருந்து கொடுத்தீர்கள் என வினவினேன். முந்திய மாதம் சளிக்கென்று வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப்பில் மிஞ்சியிருந்ததைக் கொடுத்தாராம். பொடியில் நீர் கலந்து கொடுக்கும் அத்தகைய மருந்து ஒன்றிரண்டு வாரங்களுக்கு மேல் வீரியத்தோடு இராது.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு அருகதையில்லை. என் அலமாரியிலும் பல்லாண்டுகளாக ஒரு தகர டப்பா இருந்தது. எனக்கு நோய் தீர்ந்தபின் மிஞ்சிய கேப்சூல்கள், வந்து தங்கிய குருக்கள் விட்டுச்சென்றவை, யாவும் அதில் சேரும். காய்ச்சலென்று வரும் ஏழைகளுக்கு அதிலிருந்து இரண்டு மூன்று எடுத்துக் கொடுப்பேன். அதனைப் பிறரன்புச் செயல் என்றே மனமார நம்பியிருந்தேன்.

மருத்துவமனையில் அச்சிறுமிக்குச் சிறுநீர்த்தொற்று என்று கண்டனர். வழக்கமாக வாய்வழி கொடுக்கும் மருந்துகளுக்கு அக்கிருமி அடங்காது எனக் கல்ச்சர் பரிசோதனை காட்டிற்று. ஒரு வாரம் படுக்கையில் வைத்து நரம்பு ஊசி போட நேர்ந்தது.

சளிக்குக் கொடுத்த மருந்துக்கும் சிறுநீருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நானும் மருத்துவரிடம் அதையே கேட்டேன். குழந்தைகளின் சிறுநீர்த்தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமாவது ஈ. கோலை என்னும் கிருமி. அது வெளியிலிருந்து வருவதன்று. நம் குடலில் குடியிருப்பதே. சளி பெரும்பாலும் வைரசால் உண்டாவது; ஆன்டிபயாடிக் அதனை ஒன்றும் செய்யாது. ஆனால் உட்கொண்ட மருந்து குடலுக்குச் சென்று, அங்குள்ள எளிய கிருமிகளை அழித்து, தாக்குப்பிடிக்கும் வலியவற்றை மிச்சம் வைக்கிறது. அவை பெருகுகின்றன, தம் எதிர்ப்பாற்றலைப் பிற கிருமிகளுக்கும் வழங்குகின்றன. பின்னொரு நாள் சிறுநீர்ப் பாதையில் ஏறுபவை அவையே. ஆன்டிபயாடிக் உட்கொண்ட குழந்தையிடம் இவ்விளைவு ஆறு மாதம் வரை நீடிக்கக்கூடும் என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2016-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. பல நாடுகளின் கணக்குகளைத் திரட்டிய அவ்வாய்வின்படி, குழந்தைகளின் சிறுநீரில் கண்ட ஈ. கோலைக் கிருமிகளுள் ஆம்பிசிலினுக்கு அடங்காதவை செல்வ நாடுகளில் நூற்றுக்கு 53. ஏனைய நாடுகளில் ஏறத்தாழ 80. பென்சிலினைக் கண்டறிந்த ஃபிளெமிங், போதாத அளவில் மருந்துண்டால் கிருமி அதற்குப் பழகிவிடும் என 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்திருந்தார்.

கைக்குழந்தைக்கு எரிகிறதென்று சொல்லத் தெரியாது. காரணம் புலப்படாத காய்ச்சல், வாந்தி, பால் குடிக்க மறுத்தல் இவையே அடையாளங்கள். நோய் சிறுநீரகத்தை எட்டினால் வடு நிலைத்துவிடலாம். பிற்காலத்தில் இரத்த அழுத்தமும் வரக்கூடும். ஆகவே மருந்துக்கடைக்கு முன் மருத்துவரிடம் செல்லுங்கள். ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். பின்னர் கொடுத்தால் கிருமி அகப்படாமல் போகலாம். கல்ச்சர் முடிவுக்கு இரண்டு மூன்று நாளாகும். முடிவைப் பார்த்து மருத்துவர் மருந்தை மாற்றினால், முதலில் கொடுத்தது தவறென்று அவரைக் குறைகூற வேண்டாம். அவர் சொன்ன நாள்வரை கொடுங்கள், மிஞ்சியதை வைத்திராதீர்கள். அட்டையில் சிவப்புக்கோடு இட்ட மருந்தைச் சீட்டின்றிக் கேட்கவும் வேண்டாம்.

இன்னொன்றைப் பெற்றோரிடமன்று, பள்ளிகளை நடத்தும் எங்களிடமே சொல்லவேண்டும். சிறுநீரை நெடுநேரம் அடக்குவதும் மலச்சிக்கலும் இத்தொற்றுக்கு இடந்தருகின்றன. கழிப்பறைக்கு அஞ்சிக் காலைமுதல் மாலைவரை தண்ணீரே அருந்தாத சிறுமியர் நம் பள்ளிகளில் எத்தனை பேர்! நற்செய்தி வாசகங்களைச் சுவரெங்கும் எழுதிவைத்த நாம், அந்தக் கதவுகளைப் பார்த்தோமா? தாளாளர் என்ற முறையில் சென்ற மாதம்தான் நான் முதன்முதலாக உள்ளே சென்று பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. எட்டுக் கதவுகளில் ஐந்துக்குத் தாழ்ப்பாள் இல்லை. இப்போது தாழ்ப்பாள் போட்டாயிற்று. தண்ணீர்க்குழாய் வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது.