3,000 மணி நேரம் பறந்தும் தீராத சந்தேகம்

பள்ளிக் குழு ஒன்றுக்கு என்னைத் தேர்ந்தெடுத்தபோது, “இந்தியர் ஒருவரும் வேண்டுமே” என்று நண்பர் ஒருவர் விளையாட்டாகச் சொன்னார். நானும் சிரித்துவிட்டேன். ஆனால், அன்றிரவு என் தகுதியை நானே எடைபோட்டுப் பார்த்தேன். அமெரிக்க ஜெனரல் சார்ல்ஸ் பிரவுன் பதவிநீக்கப்பட்ட செய்தியைப் படித்தபோது அந்த இரவு நினைவுக்கு வந்தது.

2025 பிப்ரவரி 21ஆம் தேதி, அமெரிக்கப் படைகளின் ஆக உயரிய பதவியான கூட்டுப் படைத் தளபதிகள் குழுத் தலைவர் பொறுப்பிலிருந்து அவரை அதிபர் டோனல்ட் டிரம்ப் நீக்கினார். நான்கு ஆண்டுத் தவணையில் 17 மாதங்கள்கூட முடியவில்லை.

பிரவுன் 1984ல் விமானப் படையில் அதிகாரியானார். எஃப்-16 போர் விமானி. 1991ல் அவரது விமானத்தை மின்னல் தாக்கியது. அதிலிருந்து வெளியே குதித்து உயிர் தப்பியவர், மீண்டும் பறக்கச் சென்றார். 3,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்திருக்கிறார். அதில் 130 மணி நேரம் போர்க்களத்தில். தென்கொரியாவின் குன்சான், இத்தாலியின் அவியானோ தளங்களில் படைப் பிரிவுகளை வழிநடத்திய பிறகு, 2018ல் பசிபிக் விமானப் படைகளின் தளபதியானார்.

2020ல் அவரை விமானப் படைத் தலைமைக்கு முன்மொழிந்ததே டிரம்ப்தான். அதன் பிறகு ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார். கறுப்பினத்தவர் என்பதால் தம்மிடம் குறைவாக எதிர்பார்த்த மேலதிகாரிகள் முன்னால் ஒரு தவறும் செய்யக்கூடாது என்ற அழுத்தத்துடன் பணியாற்றியதைப் பிரவுன் ஒரு காணொளியில் பகிர்ந்தார். நான்கு நாள்களில் செனட் சபை 98-0 என அவரை ஏற்றது. அமெரிக்கப் படைப் பிரிவு ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

2023ல் கூட்டுப் படைத் தலைமைக்கான வாக்களிப்பிலோ 83-11. அதிகாரியாக விண்ணப்பிப்போரின் இன விகிதம் குறித்து 2022ல் அவர் கையெழுத்திட்ட இலக்குகளை எதிர்ப்பாளர்கள் குறைகூறினர். தற்காப்பு அமைச்சராவதற்கு முன்பே பீட் ஹெக்செத், பிரவுனை உயர்த்தியது திறமையா, தோல் நிறமா என்ற சந்தேகத்தைத் தமது நூலில் கிளப்பியிருந்தார்.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என நினைக்கிறேன். தளபதியை நீக்க அதிபருக்கு அதிகாரம் உண்டு. மக்கள் தேர்ந்தெடுத்தவருக்குப் படை கட்டுப்படுவது மக்களாட்சிக்கு அவசியம். பிரவுனின் கொள்கையை விமர்சிப்பதும் நியாயமே. ஆனால், கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக 40 ஆண்டு உழைப்பின் தகுதியையே சந்தேகிப்பது வேறு.

அவருக்கு அடுத்து வந்த டேன் கெய்னும் எஃப்-16 விமானி. ஓய்வுபெற்றிருந்த அவர், அப்பதவிக்குச் சட்டம் கேட்கும் முந்தைய பொறுப்புகளை வகித்ததில்லை. அதிபர் விதிவிலக்கு அளிக்கலாம் என்று அதே சட்டம் சொல்வதால், செனட் அவரை 60-25 என ஏற்றது. கெய்ன் திறமையற்றவர் என நான் சொல்லவில்லை. பிரவுனை அளந்த கோலால்தான் அவரையும் அளக்க வேண்டும் என்கிறேன்.

சிறுபான்மையினர் என்பதற்காக எனக்குச் சலுகை வேண்டாம். கூடுதல் சந்தேகமும் வேண்டாம். அடுத்த முறை யாராவது அப்படி விளையாட்டாகச் சொன்னால் சிரித்துவிட்டு நகர மாட்டேன். “எந்தத் தகுதி எனக்குக் குறைவு?” என்று கேட்பேன். பிறரை நான் சந்தேகிக்கும்போதும் அதே கேள்வியை முதலில் என்னிடம் கேட்டுக்கொள்வேன்.