பெப்பர்மின்ற் விதை வாங்க வேண்டாம்

வீட்டுத்தோட்டம் பற்றிய பேச்சு எழும் இடங்களில் இப்போது பெப்பர்மின்ற் விதை என்றொரு பொருளும் அடிபடுகிறது. வண்ணப் படம் போட்ட சிறு பைக்கற்றுகளில் கடைகளிலும், கைத்தொலைபேசியில் வரும் விளம்பரங்கள் ஊடாகவும் இது விற்கப்படுகிறது. இரவல் காணியில் ஒரு கொட்டிலும் நாலு பாத்தியும் போட்டிருக்கும் குடும்பங்களும், பற்றை வெட்டித் துப்புரவாக்கிய பழைய வளவில் எதையாவது நட்டுப் பார்க்க விரும்பும் குடும்பங்களும் கையில் உள்ள சொற்பக் காசைக் கொடுத்து இதனை வாங்குகின்றன. எனவே எமது கருத்தைத் திறந்து சொல்லிவிடுகிறோம். பெப்பர்மின்ற் விதையிலிருந்து வளர்க்கும் செடி அல்ல. அந்தப் பைக்கற்றை வாங்க வேண்டாம்.

காரணம் செடியின் பிறப்பிலேயே இருக்கிறது. நீர்க்கரைகளில் வளரும் நீர்ப்புதினாவும், தோட்டங்களில் வளரும் ஈட்டிப்புதினாவும் தற்செயலாகக் கலந்து பிறந்த கலப்பினமே பெப்பர்மின்ற். இங்கிலாந்தில் கண்டெடுக்கப்பட்ட இச்செடியை 1696இல் ஜோன் றே என்ற தாவரவியலாளர் தமது நூலில் பதிந்தார். 1753இல் லின்னேயஸ் இதனைத் தனி இனமாகக் கருதிப் பெயரிட்டார். கலப்புப் பிறப்பு என்பது பின்னரே தெளிவாகியது. நீர்ப்புதினாவின் கலம் ஒன்றில் 96 நிறமூர்த்தங்கள் உள்ளன, ஈட்டிப்புதினாவில் 48. இரண்டிலும் பாதி பாதியாகச் சேர்ந்து பெப்பர்மின்றுக்கு 72 கிடைத்தது. இரு வேறு தாய்தந்தையரிடமிருந்து வந்த இவை மகரந்தமும் சூலும் உண்டாகும் வேளையில் ஒழுங்காகச் சோடி சேர்வதில்லை. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை குட்டி போடாதது போல, பெப்பர்மின்றும் பூத்தாலும் விதை கட்டுவதில்லை. அபூர்வமாக ஒன்றிரண்டு விதை விழுந்தாலும் அதில் முளைப்பது தாயைப் போல இராது.

இது ஏட்டுச் சங்கதி மாத்திரம் அல்ல. அமெரிக்காவில் பெரும் பரப்பில் பெப்பர்மின்ற் பயிரிட்டவர்களை மண்ணில் வாழும் பூஞ்சணம் ஒன்றினால் வரும் வாடல் நோய் பல ஆண்டுகளாக வாட்டியது. வேறு பயிராயின் நோய் தாங்கும் செடியோடு இனங்கலந்து, விதை எடுத்து, புது இனம் ஆக்கியிருப்பார்கள். இதற்கு அந்த வழி அடைபட்டிருந்தது. ஆகவே தண்டுகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, அவற்றில் நோய் தாங்கி நின்றவற்றைப் பொறுக்கியெடுத்து, 1970களின் தொடக்கத்தில் ‘ரொட்ஸ் மிச்சம்’ என்ற இனத்தை வெளியிட்டார்கள். விதையால் முடியுமாயின் அவர்கள் இத்தனை சிரமப்பட்டிருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பைக்கற்றுக்குள் இருப்பது என்ன? பெரும்பாலும் ஈட்டிப்புதினாவின் விதை, அல்லது பல புதினாக்கள் கலந்த விதை. முளைத்தால் ஏதோவொரு புதினாச் செடி வரும். சில நல்ல வாசமாகவும் இருக்கும், சில புல்லைப்போல மணக்கும். வித்தியாசத்தை வாயில் போட்டே கண்டுபிடிக்கலாம். பெப்பர்மின்ற் இலையை மென்று மூச்சை உள்ளிழுத்தால் நாக்கும் தொண்டையும் குளிரும். அது மென்தோல் என்னும் பொருளின் வேலை. ஈட்டிப்புதினாவில் அந்தக் குளிர்ச்சி இல்லை, இனிப்பான வாசம் மட்டுமே உண்டு. பெப்பர்மின்ற் இலைக்குச் சிறு காம்பு இருக்கும், தண்டு பெரும்பாலும் ஊதா ஓடியிருக்கும். ஈட்டிப்புதினாவின் இலை காம்பு இல்லாதது போல் தண்டோடு ஒட்டியிருக்கும்.

முளைப்பதும் இலகுவல்ல. புதினா விதை தூள் போன்றது. மண்ணால் மூடினால் வெளிச்சம் படாமல் முளை தடைப்படும். மூடாமல் விட்டால் எமது வெயிலில் ஒரு மதியத்திலேயே காய்ந்துவிடும், அல்லது எறும்பு கொண்டுபோகும். முளைக்கப் பத்து நாள் முதல் இரண்டு கிழமை வரை பிடிக்கும். அதுவரை மேல்மண் ஒரு நாளும் காயக் கூடாது. குழாயடியிலே வரிசையில் நின்று வாளியில் தண்ணீர் சுமக்கும் வீட்டுக்கு இது பொருந்தும் வேலையா?

இதிலே எமக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. எமது ஊர்களில் கைராசி என்று ஒரு பேச்சு உண்டு. இன்னாருடைய கை பட்டால் பட்ட தடியும் துளிர்க்கும், இன்னாருடைய கை பட்டால் பச்சையும் பட்டுப்போகும் என்பார்கள். பைக்கற் விதை முளைக்காமல் போனாலோ, வந்த செடி படத்தில் உள்ளதைப் போல் இல்லாமல் போனாலோ, பழி விழுவது விற்றவன் மீதல்ல. நட்ட பெண்ணின் கை மீது. வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்து, நிவாரண வரிசைகளில் நின்று, தனக்குத் தெரிந்த ஒரே தொழிலையும் கண்ணெதிரே இழந்த ஒருத்திக்கு அந்தச் சொல் எவ்வளவு வலிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பிழை பைக்கற்றில் உள்ளது, கையில் அல்ல.

செய்ய வேண்டிய வேலையோ மிகச் சிறியது. எமது சனத்துக்கு அது புதிதும் அல்ல. முருங்கையைத் தடியில் நடுகிறோம். மரவள்ளியைத் தடியிலும், வற்றாளையைக் கொடியிலும் நடுகிறோம். புதினாவின் உறவுச் செடியான கற்பூரவள்ளியை ஒடித்துக் குத்திவிட்டாலே போதும். புதினாவும் அந்த வகைதான். செடி உள்ள வீட்டில் நாலைந்து தண்டு கேட்டு வாங்குங்கள். அதுவும் இல்லையேல் சந்தையில் கறிக்கென்று ஒரு பிடி புதினா வாங்கும்போது தண்டு விறைப்பாக, பழுப்பில்லாமல் உள்ள பிடியாகப் பார்த்து எடுங்கள். இலையைச் சம்பலுக்கு ஆய்ந்துகொண்டு, நுனியோடு கூடிய தண்டுகளில் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவாக, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். அடியிலுள்ள இலைகளைக் கிள்ளி, நுனியில் நாலு இலை மட்டும் விடுங்கள். போத்தலில் கணு அமிழத் தண்ணீர் விட்டு, வெயில் நேரே படாத இடத்தில் வையுங்கள். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஒரு கிழமை, பத்து நாளில் கணுவில் வெள்ளை வேர் இறங்கும்.

நடுவதற்கு நிலம் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை என்பது இச்செடியின் பெரிய நன்மை. ஓட்டை வாளி, எண்ணெய் ரின், உரப்பை எதுவும் ஆகும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்க வேண்டும். மண்ணோடு மக்கிய மாட்டெருவையும், மண் இறுக்கமானால் சிறிது மணலையும் கலவுங்கள். காலை வெயிலும் மதிய நிழலும் படும் இடம் நல்லது. வாழையின் கீழோ, கிடுகு வேலியின் கிழக்குப் பக்கமோ பொருத்தமானது. அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றலாம், சவர்க்காரத் தண்ணீர் ஆகாது. உவர்க் கிணறு உள்ள இடங்களில் இதற்கென்று மழைநீரைப் பிடித்து வைப்பது நல்லது, ஏனெனில் புதினா உப்பைத் தாங்காது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் செடி வாடி வதங்கும். அப்போது நெருங்க வெட்டிவிட்டு, மண்ணை வைக்கோலாலோ சருகாலோ மூடி, சாடியை நிழலுக்கு நகர்த்திவிட்டால் வேர் தப்பிக்கொள்ளும். இலையின் அடியில் செம்மஞ்சள் புள்ளிகள் கண்டால் அது துரு நோய். அந்தத் தண்டுகளை அடியோடு வெட்டி எரித்துவிடுங்கள், அச்செடியிலிருந்து யாருக்கும் தண்டு கொடுக்க வேண்டாம்.

பெப்பர்மின்றேதான் வேண்டுமா என்பதையும் யோசிக்கச் சொல்கிறோம். அது குளிர் நாட்டுச் செடி. நன்றாகப் பூத்து எண்ணெய் கட்ட நீண்ட பகல் வேண்டும். இங்கிலாந்தில் கோடைப் பகல் பதினாறு மணித்தியாலத்துக்கும் மேல். எமக்கு ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணித்தியாலத்தைச் சுற்றியே பகல். மலைநாட்டுக் குளிரில் அது ஓரளவு தழைக்கும். வன்னி வெயிலில் அதனைக் காப்பாற்றப் படும் பாட்டுக்குக் கிடைக்கும் பயன் குறைவு. சிங்களச் சகோதரர்கள் மிஞ்சி என்று சொல்லும் சாதாரணச் சந்தைப் புதினா, சம்பலுக்கும் இறைச்சிக் கறிக்கும் வயிற்றுப் பொருமலுக்கு வைக்கும் தேநீருக்கும் தாராளமாகப் போதும்.

இனி, எண்ணெய் வடித்துப் பணம் பார்க்கலாம் என்று ஆசை காட்டுபவர்களைப் பற்றியும் ஒரு சொல். உலகில் மென்தோலில் பெரும் பங்கு வருவது பெப்பர்மின்றிலிருந்து அல்ல. வட இந்தியாவில், சிறப்பாக உத்தரப் பிரதேசத்தில், பரந்த வயல்களில் பயிராகும் வேறொரு புதினாவிலிருந்து. அதையும் அவர்கள் நடுவது வேர்த்தண்டினால்தான். நூறு கிலோ பச்சை இலையை வடித்தால் பொதுவாக ஒரு கிலோ எண்ணெய்கூடத் தேறாது. இரண்டு பரப்புக் காணியையும் கடன் வாங்கிய வாலையையும் வைத்துக்கொண்டு அதனோடு போட்டியிட முடியாது. சந்தையில் பிடி பிடியாக விற்றால் ஒரு வீட்டுக்குச் சில்லறைச் செலவுக்கு உதவும். அதற்கு மேல் நம்பிக்கை கொடுக்க நாம் தயாராக இல்லை.

விதையில்லாச் செடிக்கு ஒரு பலவீனம் உண்டு. அதை இடம்பெயர்ந்தவர்களை விட வேறு யாரும் அறியார். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் வெளியேறியவர்களும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள்ளேயே இடம் மாறி மாறிப் போனவர்களும் பயிற்றம் விதையையும் பூசணி விதையையும் முடிச்சில் கட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆண்டு கழித்தும் அது முளைக்கும். புதினாத் தண்டு அப்படிக் காத்திராது. தண்ணீர் காணாவிட்டால் இரண்டு நாளில் கருகிவிடும். பத்து வீட்டில் இருந்த செடி பத்து வீட்டோடும் போயிற்று. திரும்பி வந்தபோது கிணறும் அத்திவாரமும் இருந்த வளவுகளில்கூட இவ்வகைச் செடிகள் இருக்கவில்லை. விதைக்குப் போத்தலும் சாம்பலும் காவல். தண்டுச் செடிக்கு அயல்வீடுதான் காவல். நீங்கள் கொடுத்த தண்டு வேறு ஊரில் ஒரு வீட்டில் தழைத்திருந்தால், உங்களுடையது பட்டுப்போனாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆகவே செடி பெருத்ததும் மூன்று வீட்டுக்காவது கொடுங்கள், அதிலொன்று தூரத்து ஊராக இருக்கட்டும்.

வீட்டுத்தோட்டப் பொதிகளை வழங்கும் நிறுவனங்களிடமும் நாம் கேட்பது இதுதான். கத்தரி, வெண்டி, பயிற்றை விதைகளைத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் புதினா, பொன்னாங்காணி, வல்லாரை, கற்பூரவள்ளி ஆகியவற்றைப் பைக்கற்றில் தேடாமல், ஊருக்கொரு தாய்ச்செடி மேடை போடுங்கள். வாசிகசாலை அல்லது பாலர் பாடசாலைக் கிணற்றடியில் ஆறடிக்கு மூன்றடி போதும், மேலே ஒரு கிடுகுப் பந்தல். அச்சிட்ட பைக்கற்றைப்போல அது படமெடுக்க அழகாக இராது, அறிக்கையில் எண்ணிக் காட்டவும் கடினம் என்பது எமக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஊரில் இரண்டு பெண்களுக்குக் கொடுத்து, அதற்கொரு சிறு கொடுப்பனவும் ஒதுக்க வேண்டும். சும்மா செய்வார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

மேடை போடுவதாயின் ஐப்பசி மழை தொடங்கும்போது போடுவது நல்லது. கார்த்திகை, மார்கழியில் கொடி ஓடி, தை பிறக்கும்போது வெட்டிக் கொடுக்கத் தண்டு இருக்கும். மழை மிஞ்சினால் வேர் அழுகும். மேடையை அரை அடி உயர்த்தி, சுற்றிவர வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.