மருந்து தெளிக்குமுன் ஒரு கணக்கு

பயிரில் பூச்சியைக் கண்டதும் மருந்து தெளிக்க வேண்டும் என்பது பலரது எண்ணம். தெளித்தால் பூச்சி குறையும் அல்லவா? எப்போதும் குறைவதில்லை என்கிறது கணிதம்.

பயிரைத் தின்னும் பூச்சியைப் பொறிவண்டு தின்கிறது. ஒரு தோட்டத்தில் வாரந்தோறும் 100 வண்டுகளுக்கு 10 வீதம் இறப்பதாகக் கொள்வோம். பிறப்பு இரையைப் பொறுத்தது. தோட்டத்தில் 20 பூச்சிகள் இருந்தால் 100 வண்டுகளுக்கு 1 புதிய வண்டு, 40 இருந்தால் 2 என்று வைத்துக்கொள்வோம். பிறப்பும் இறப்பும் சமமாக எத்தனை பூச்சிகள் வேண்டும்? 200. இதற்கு மேல் பூச்சி பெருகினால் வண்டும் பெருகி அதை அடக்கிவிடும்.

இப்போது மருந்து தெளிக்கிறோம். அதற்கு நண்பன், பகைவன் என்ற வேறுபாடு தெரியாது. வாரத்துக்கு 100 வண்டுகளில் மேலும் 20 மடிகின்றன. மொத்த இறப்பு 30. அதை ஈடுசெய்ய 600 பூச்சிகள் வேண்டும்! மருந்து பூச்சியினத்தை அடியோடு ஒழிக்காத வரையில், அதன் சராசரி எண்ணிக்கை மும்மடங்காகிறது. இத்தாலியக் கணித அறிஞர் விட்டோ வோல்ட்டெரா 1926-இல் வெளியிட்ட சமன்பாடுகளின் முடிவு இது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆரஞ்சு மரங்களைச் செதில்பூச்சி ஒன்று பாழாக்கி வந்தது. 1888-89-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெடாலியா என்னும் பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், பூச்சி அடங்கியது. 1940-களில் அங்கே டி.டி.டி. தெளித்தபோது வண்டுகள் மடிந்தன. செதில்பூச்சி மீண்டும் தலைதூக்கியது.

இந்தக் கணக்கில் மழை இல்லை, காற்று இல்லை என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். உராய்வற்ற தளமும் உலகில் இல்லை. ஆயினும் அதை வைத்துத்தான் இயற்பியலில் இயக்க விதிகளைக் கற்கிறோம். விவசாயி எத்தனை லிட்டர் தெளிக்க வேண்டும் என்பதை இக்கணக்கு கூறாது. எதை எண்ண வேண்டும் என்பதைக் கூறும்.

மருந்தே வேண்டாம் என்பதல்ல என் வாதம். பூச்சியை மட்டும் எண்ணிவிட்டு மருந்தை எடுப்பது பாதிக் கணக்கு. அதைத் தின்னும் உயிர்களையும் எண்ணிய பிறகே முடிவு செய்யவேண்டும்; மருந்து தேவையானால் அவற்றை அதிகம் கொல்லாததைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாணவர்களே, அவரைக் கொடியில் அசுவினி கண்டால் உடனே அழித்துவிடாதீர்கள். நான்கு வாரங்கள் அசுவினியையும் பொறிவண்டையும் எண்ணி, வரைபடத் தாளில் இரண்டு கோடுகளாக வரையுங்கள். மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பதை அக்கோடுகளைப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.